குவில்ட் துணியும் கம்பளி நூலும் பட்டும் ஒரே அலுமாரியில் இருக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி, இரண்டு அறை. குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்கிறீர்கள், குரோஷே பின்னுகிறீர்கள், இப்போது எம்ப்ராய்டரியும் தொடங்கியிருக்கிறீர்கள். புறக்கோட்டையில் வாங்கிய துணி, டொரோண்டோவிலிருந்து அக்கா அனுப்புகிற கம்பளி நூல், அம்மாவின் பழைய பட்டுச் சேலைகள் எல்லாம் ஒரே அலுமாரிக்குள். மழைக்காலத்தில் பூஞ்சண மணம் வருகிறது, கம்பளி நூல் இரண்டு மூன்று இடத்தில் அறுந்திருக்கிறது. எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இதில் எவ்வளவு வைத்திருப்பது நியாயம்?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைப் பற்றிக் கேட்டாலும், உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் துணிக் களஞ்சியத்தில் பல வருடம் வேலை செய்தவள். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் வீட்டிலேயே தையலும் ஒட்டுத்துணி வேலையும் படிப்பிக்கிறேன். துணியைக் காப்பாற்றுவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு இடத்திலும் கிடைத்தது.

முதல் வேலையாக, கைவேலையின் பெயரைச் சொல்லிப் பிரிப்பதை விட்டுவிடுங்கள். குவில்ட் பெட்டி, குரோஷே பெட்டி, எம்ப்ராய்டரிப் பெட்டி என்று வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் குரோஷே பெட்டிக்குள் பருத்தி நூலும் அக்ரிலிக்கும் அசல் கம்பளியும் ஒன்றாகக் கிடக்கும். எம்ப்ராய்டரிப் பெட்டிக்குள் பருத்தி நூலோடு பட்டு நூல் கிடக்கும். நாரைப் பார்த்துப் பிரியுங்கள்: பருத்தி, லினன், ரேயான் ஒரு பக்கம், கம்பளி, பட்டு இன்னொரு பக்கம், பொலியெஸ்டர், அக்ரிலிக் வேறாக. கொழும்பில் துணியைக் கெடுக்கிற ஒவ்வொன்றும் நாரைத் தேடித்தான் வருகிறது. அந்துப்பூச்சியின் புழு கம்பளி, பட்டு, மயிர், இறகு போன்ற புரதத்தைத் தின்னும். நல்ல பருத்தியை அது தேடி வராது. வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ இருந்தால் மட்டும் கடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு வேண்டியது கஞ்சியும் மாவும் கடதாசியும். கஞ்சி போட்ட பருத்தியும் ரேயானும் அதற்கு விருந்து. கறையான் மரத்தோடு சேர்த்துப் பருத்தியையும் தின்னும். அக்ரிலிக்கையும் பொலியெஸ்டரையும் இவை உணவாக எடுப்பதில்லை, வழியில் கிடந்தால் அரித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். இது தெரிந்தால் எந்தப் பெட்டிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தானாகவே விளங்கும். அதிகக் காவல் வேண்டியது கம்பளிக்கும் பட்டுக்கும். இடமும் ஒழுங்கும் வேண்டியது பருத்திக்கு. அக்ரிலிக்கை இறாக்கையில் திறந்தே வைக்கலாம்.

உங்கள் கம்பளி நூலுக்கு இன்றைக்கே கவனம் வேண்டும். அறுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூலைச் சுற்றி மணல்மணி மாதிரி சிறு துகள், பட்டு இழை போன்ற வலை இருந்தால் அந்துப்பூச்சி. மயிர் முளைத்த சிறு கபிலத் தோல் கழன்று கிடந்தால் அது கம்பள வண்டின் புழு. சுவரில் பூசணி விதை வடிவத்தில் சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்வதைக் கொழும்பில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்துப்பூச்சிக் குடும்பம்தான். சிலந்தி வலை, உதிர்ந்த தலைமயிர், கம்பளி எல்லாம் தின்னும். எது வந்திருந்தாலும் மருந்து ஒன்றுதான்: குளிர். நூலைக் கட்டியான பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டி, பிரீசரில் வையுங்கள். பிரீசர் -18 பாகைக்கு இறங்க வேண்டும். இரண்டு வாரம் அப்படியே கிடக்கட்டும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அறையில் வைத்து, பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். அவசரப்பட்டால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த நூலின் மேல் நீராகப் படிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்சாரம் போனது போல இடையில் நீண்ட வெட்டு வந்தால், அந்த நாளிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்குங்கள். இனிமேல் அக்காவிடமிருந்து வருகிற பொதியையும், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும், முதலில் பிரீசருக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற நூலோடு சேர்க்க வேண்டும். நூலைப் பந்தாக இறுக்கிச் சுற்றி வைப்பதும் வேண்டாம். கம்பளி இழுபட்டே கிடந்தால் அதன் நெகிழ்வு குறைந்துவிடும். கண்ணியாகவே, அதாவது தளர்வான முறுக்குச் சுருளாகவே வைத்திருந்து, பின்னப் போகும்போது சுற்றுங்கள்.

அடுத்தது மணம். கொழும்பில் இரவும் விடியற்காலையும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அலுமாரிக்குள் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்று பெரிய விலையில்லை, இரண்டு நாள் உள்ளே வைத்தால் போதும். வெளிச்சுவரில் முதுகு ஒட்டி நிற்கிற அலுமாரியை ஒரு சாண் முன்னுக்கு இழுத்தாலே சில வீடுகளில் மணம் பாதி குறைந்துவிடும். அறையில் ஏசி இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் நிறுத்திய கையோடு யன்னலைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த துணியில்தான் போய்ப் படியும். அந்த நேரம் அலுமாரிக் கதவை மூடியே வைத்திருங்கள். பழைய வீடுகளில் அலுமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்கள். சூட்டினால் ஈரப்பதம் குறையும் என்பது சரிதான், ஆனால் துணி நிறைந்த பெட்டிக்குள் எரிகிற பல்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இப்போதைய எல்ஈடி பல்பில் அந்தச் சூடும் இல்லை.

இப்போது பெட்டி. ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடுகிற பொலிப்புரொப்பிலீன் பெட்டி வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் அச்சிட்டிருக்கும். அதற்குள் சிலிக்கா ஜெல் பை வைத்தால் பயன் உண்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். திறந்து மூடுகிற அலுமாரிக்குள் அதே பையைத் தொங்கவிடுவது வீண், இரண்டொரு நாளில் அது குடிக்கிற அளவைக் குடித்துவிடும். சேலைக்கடையில் தருகிற ஒளிபுகும் பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் துணியை மஞ்சளாக்கும். அட்டைப்பெட்டியும் வேண்டாம். இராமபாணத்துக்கு அது சாப்பாடு, கரப்பொத்தானுக்கு முட்டையிடுகிற இடம், அட்டையில் உள்ள அமிலம் துணியிலும் ஏறும். வண்ணம் பூசாத மரப்பலகையிலும் அதே அமிலம் உண்டு. அலுமாரித் தட்டில் துணியை நேராக வைக்காமல், கஞ்சி போகத் துவைத்த காடாத்துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாகக் காய்ந்த துணி மட்டுமே பெட்டிக்குள் போக வேண்டும். அயன் பண்ணிய சூட்டோடு அடுக்கி மூடினால் அந்த ஆவி உள்ளேயே நின்றுவிடும். துணி முழுதாக ஆறட்டும். சனவரி, பெப்ரவரியில் காற்று சற்று உலர்ந்திருக்கும். அந்த நாட்களில் எல்லாப் பெட்டியையும் திறந்து, உதறி, வேறு மடிப்பில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கிற துணி அந்தக் கோட்டிலேயே வெளுத்து, கிழிந்தும் போகும். அந்துப்பூச்சிக்கு இருட்டும் யாரும் தொடாத மூலையும்தான் பிடிக்கும், உதறுவதே பாதிக் காவல். (கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் 2016 மே வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தட்டில் துணி வேண்டாம்.)

நப்தலின் உருண்டை பற்றிப் பலரும் கேட்பார்கள். இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் போதிய அளவு வைத்தால் அது வேலை செய்யும். திறந்த அலுமாரியில் ஒன்றிரண்டு போட்டால் மணம் மட்டும்தான் மிச்சம். ஆனால் குழந்தைக்குத் தைக்கிற போர்வைத் துணிக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அந்த ஆவியால் இரத்த அணுக்கள் சிதையலாம், அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாது. வேப்பிலை, வசம்பு, கிராம்பு எல்லாம் நம் பாட்டிமார் வைத்தவை, நானும் வைக்கிறேன். அவை பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், ஏற்கெனவே உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. வைப்பதானால் துணிப்பொட்டலத்தில் கட்டி வையுங்கள், வேப்பிலை நேராகப் பட்டால் வெள்ளைத் துணியில் கறை ஏறும்.

சரி, பருத்திக்கு வருவோம். குவில்ட் தைக்கிறவரிடம் அதிகம் இருப்பது அதுதான். கடையிலிருந்து வந்த அன்றைக்கே துவைக்க வேண்டுமா என்பதில் தையல்காரர்களுக்குள் ஒரு முடிவில்லாத வாதம் உண்டு. குளிர்நாடுகளில் துவைக்காமலே வெட்டுகிறவர்கள் நிறையப் பேர், கஞ்சியின் விறைப்பு வெட்டுவதற்கு வசதி என்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் கொழும்பில் சேமித்து வைக்கப் போகிற துணியை நான் துவைக்கத்தான் சொல்வேன். அந்தக் கஞ்சிதான் இராமபாணத்தை அழைக்கிறது. அத்தோடு பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், கைத்தறி இன்னும் கூடவும் சுருங்கலாம். மருதமுனைச் சாரத்துணியும் கடைச் சீத்தையும் ஒரே குவில்ட்டில் சேர்ந்தால், முதல் சலவையில் இரண்டும் இரண்டு விதமாகச் சுருங்கித் தையலை இழுக்கும். பத்திக், அடர்சிவப்பு, கருநீலம் எல்லாவற்றையும் தனித்தனியாக நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெட்டும்போது விறைப்பு வேண்டுமானால் அன்றைக்குக் கஞ்சி போட்டு அயன் பண்ணுங்கள், தைத்து முடித்ததும் துவைத்துவிடுங்கள்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிலும் மற்ற இடங்களிலும் கிலோக் கணக்கில் கிடைக்கிற தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளை இந்தப் பருத்தியோடு அப்படியே சேர்க்காதீர்கள். அதில் பெரும்பகுதி இழுபடுகிற பின்னல் துணியாகவோ பொலியெஸ்டர் கலந்ததாகவோ இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட நெருப்பு சொல்வது நம்பிக்கை. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கம்பளியும் பட்டும் மயிர் பொசுங்கிய மணம் தரும். மெல்லிய மிருதுச் சாம்பலுக்குள் சிறு கெட்டி மணியும் அகப்பட்டால் கலப்புத் துணி. ரேயானும் பருத்தியும் நெருப்பில் ஒரே மாதிரித்தான் எரியும், அதை மட்டும் இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. நனைத்து இழுத்துப் பாருங்கள், ரேயான் ஈரத்தில் பலம் குறைந்து சுலபமாக அறும்.

அடுக்கும்போது நிறத்தை விட அளவை முன்னுக்கு வையுங்கள். ஒரு யாருக்கு மேற்பட்டவை, அரை யார் முதல் ஒரு யார் வரை, அதற்குக் கீழ், என்று மூன்றாகப் பிரித்தால் போதும். 6 அங்குல ரூலரைச் சுற்றி மடித்து, ரூலரை உருவிவிட்டு, லாச்சிக்குள் நிமிர்த்தி நிறுத்துங்கள். எல்லாம் ஒரே அகலத்தில் நிற்கும், ஒன்றை எடுக்கும்போது மற்றது கலையாது. வெட்டி மிஞ்சிய துண்டை அன்றைக்கே 5 அங்குலச் சதுரமாகவோ 2½ அங்குலப் பட்டியாகவோ வெட்டிவிடுங்கள். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தது தலையணைக்குள் அடைக்கப் போகட்டும். பிறகு நிறம். அதிலும் சிவப்பா பச்சையா என்பதை விட, வெளிறியதா அடர்ந்ததா என்பதுதான் குவில்ட்டில் வேலை செய்கிறது. எல்லாத் துணியையும் விரித்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். என்னிடம் படிக்க வருகிறவர்கள் கொண்டுவருகிற துணியில் நடுத்தர அடர்வு நிறைந்து கிடக்கும், வெளிறியது கைப்பிடியளவு. கடையில் கண்ணைப் பறிப்பது நடுத்தர அடர்வுப் பூத்துணிதான், அதனால் அப்படி ஆகிறது. அடுத்த தடவை புறக்கோட்டைக்குப் போனால் வெளிறிய துணி மட்டும் வாங்குங்கள். அலுமாரியில் தூங்குகிற பாதித் துணி அதனால் எழுந்துவிடும்.

எவ்வளவு வைத்திருப்பது நியாயம் என்று கேட்டீர்களே. தொழிற்சாலையில் துணியை நிறுத்துத்தான் கணக்குப் பார்ப்போம், வீட்டிலும் அதுவே சுலபம். 44 அங்குல அகலக் குவில்ட் பருத்தி யாருக்கு ஏறக்குறைய 150 கிராம் வரும். மெல்லிய பொப்லின் அதை விடக் குறைவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 அங்குலத்தில் ஒரு குவில்ட் என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கத்தை 5 அங்குலச் சதுரத்தால் தைத்தால் 4½ யார் வேண்டும். 2½ அங்குலச் சதுரத்தால் தைத்தால் 5½ யாருக்கு மேல் போகும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் தையலுக்குள் போகிற கால் அங்குலங்கள் கூடும், துணியை அதிகம் குடிப்பது சின்னத் துண்டுதான். பின்பக்கத்துக்கு 5½ யார், ஓரப்பட்டிக்கு அரை யாருக்குச் சற்று மேல். மொத்தம் 11 யார், ஏறக்குறைய 1.6 கிலோ. குளியலறைத் தராசில் நீங்கள் ஒரு தடவையும் துணிப்பையோடு ஒரு தடவையும் ஏறிப் பாருங்கள். உங்களிடம் 20 கிலோ பருத்தி இருந்தால் அது பன்னிரண்டு குவில்ட். வருடத்துக்கு இரண்டு முடிக்கிறவர் என்றால் ஆறு வருடத் துணி. ஆறு வருடம் நல்ல பருத்தி கெடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஆறு வருடமும் அதைத் துவைத்து, உதறி, மடிக்கப் போவது நீங்கள்தான். அந்த வேலை பாரமாகத் தெரியாத அளவு எதுவோ, அதுவே உங்கள் நியாயமான அளவு. என்னைக் கேட்டால் மூன்று வருடத் துணிக்கு மேல் வேண்டாம் என்பேன். நூலுக்கும் இதே கணக்கு. போன வருடம் எத்தனை கிராம் பின்னி முடித்தீர்கள் என்று பார்த்தால், அக்காவிடம் என்ன சொல்லலாம் என்பது தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை கட்டி, உள்ளே போனது, வெளியே வந்தது, திகதி என்று மூன்று நிரல் எழுதுங்கள். களஞ்சியத்தில் அந்த அட்டை இல்லாமல் ஒரு உருளையும் நகராது. குவில்ட்டின் நடுவில் வைக்கிற பஞ்சுப் படலமான வாடிங்கை மட்டும் சேமிக்கவே வேண்டாம். இடத்தை எல்லாம் அடைத்துக்கொள்ளும், வேண்டும்போது வாங்கலாம்.

கைவேலைகள் கலக்கிற இடத்தில் சில கவனம். தொடங்கிய வேலைக்கு மட்டும் ஒவ்வொரு துணிப்பை வைத்து, அதற்குரிய துணி, நூல், ஊசி, மாதிரித்தாள் எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். நார்ப் பிரிவினை சேமிப்புக்கு, பை வேலைக்கு. வேலை நீண்ட நாள் நிற்கப் போகிறதென்றால் ஊசியையும் குண்டூசியையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். கடற்கரைப் பக்கக் காற்றில் உப்பு இருக்கிறது. மடித்து வைத்த சதுரத்தில் குண்டூசி துளைத்த இரண்டு புள்ளியும் கொஞ்ச நாளில் கபில நிறமாகும். துருக்கறைக்குக் குளோரின் போட்டால் கறை இன்னும் ஊன்றும். பருத்திக் குவில்ட்டின் ஓரத்துக்கு அக்ரிலிக் நூலால் குரோஷே போடாதீர்கள், சூடான அயன் பட்டால் அக்ரிலிக் தளர்ந்து தொய்ந்துவிடும், பிறகு மீளாது. பருத்தி நூலை நனைத்துக் காயவைத்துப் பின்னுங்கள். பொலியெஸ்டர் தையல்நூல் பருத்தித் துணியை அறுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது நிரூபணமான சங்கதி என்று சொல்ல மாட்டேன். நான் பருத்தி நூலையே பாவிப்பது அயன் பண்ண வசதி என்பதால்தான்.

அம்மாவின் சேலைகளை இந்தக் கணக்கு எதிலும் சேர்க்காதீர்கள். கசங்கிய பருத்திச் சேலையைக் குவில்ட்டின் நடுவில் வைத்துத் தைக்கலாம், நம் காலநிலைக்கு வாடிங்கை விட அது நல்லது. பட்டைத் துவைக்கவோ பிரீசரில் வைக்கவோ அவசரப்படாமல், முதலில் காடாத்துணியில் தளர்வாகச் சுருட்டி, பூச்சி பிடித்த அந்தக் கம்பளியிலிருந்து தள்ளி வையுங்கள். சரிகை கறுத்திருந்தாலும், மடிப்பில் இழை விட்டிருந்தாலும், அதைச் சரிசெய்வது துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்களின் வேலை. என் பயிற்சி அதுவரை போகாது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க வழி கேட்கலாம். கேட்டு வரும்வரை அந்தச் சேலைகளை வெட்ட வேண்டாம்.